ஒன்பது போத்தல் தண்ணீர்

"யார் அள்ளினது?"

வவுனியாவில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர்ப் போத்தலோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெயர் பிறகு, ஊர் பிறகு. சோடாப் போத்தலில் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் நாள் அள்ளி வைத்த வாளியிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தவர்களையும் அனுப்பியிருக்கிறேன். ஒருநாள் இரண்டு பஸ் மாறி வந்த ஓர் ஐயா, "மருமகள் அள்ளித் தந்தவா பிள்ளை, எந்தக் கிணறெண்டு நான் கேக்கேல்ல" என்றார். "அப்ப போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ" என்று அவருடைய கையிலேயே போத்தலைக் கொடுத்துவிட்டேன். கூட வேலை செய்யும் பெண் எனக்குக் 'கிணத்துப் பொலிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

இவ்வளவு கறாராக நிற்க எனக்கு என்ன யோக்கியதை என்று அவளுக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டத்துக்குக் கடைசி வருடம் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். நான் எங்கள் ஊரின் ஒன்பது வீட்டுக் கிணறுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்பது போத்தல் தண்ணீர் சோதித்தேன். அதில் ஒரு போத்தலைக்கூட நான் அள்ளவில்லை.

எங்கள் ஊர் கிளிநொச்சி மாவட்டத்தில், ஜெயபுரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து குளத்தை நம்பிக் காணி எடுத்து வந்த குடும்பங்கள்தான் அங்கே அதிகம். எல்லாருக்கும் வயல், எல்லாருக்கும் கிணறு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை போட முதல் அப்பா கிணற்றைத்தான் இறைத்துத் துப்புரவாக்கினார். ஆனால் அந்தத் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் இல்லை. சவர்க்காரம் நுரைக்காது. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படை கட்டும், அதை அம்மா கரண்டிக் காம்பால் சுரண்டுவா. வாயில் வைத்தால் உவர்க்கும்.

அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தண்ணீர். குளிக்க, கழுவ, மாட்டுக்கு வைக்கக் கிணற்றுத் தண்ணீர். குடிக்க, வாய்க்காலுக்கு அப்பால் இருக்கிற கோயில் கிணற்றிலிருந்து கொண்டுவரும் 'நல்ல தண்ணி'. அப்பா காலமையில் சைக்கிள் கரியரில் இரண்டு பிளாஸ்ரிக் கான் கட்டிக்கொண்டு போய் எடுத்து வருவார். அது குசினி மூலையில் ஒரு குடத்தில், தட்டால் மூடியபடி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான் கொடுக்க வேண்டும். யாராவது வந்தவருக்குக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டைப் பற்றிய கதை ஒழுங்கை வீடுகள் முழுக்க ஒரு வருடத்துக்கு ஓடும்.

நான் டொக்டராக வேண்டும் என்றுதான் உயர்தரத்தில் உயிரியல் எடுத்தது. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் காணாமல் போய் விஞ்ஞான பீடம் கிடைத்தது. கெமிஸ்ட்ரி படிக்கிறேன் என்றதும் ஊரில் எல்லாரும் பாமசி என்றே எடுத்துக்கொண்டார்கள். விடுமுறையில் வந்தால் குளிசைச் சரையோடு ஆட்கள் வருவார்கள். "இது பிறசர் குளிசை பிள்ளை, சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?" என்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். அப்பாதான் படலையடியிலேயே மறித்து, "என்ர மகள் மருந்து படிக்கேல்ல, தண்ணி படிக்கிறா" என்று விளக்கம் சொல்வார். அவருக்கு விளங்கியது அவ்வளவுதான், ஆனால் அந்த ஆய்வை எடுத்த பிறகு அதுவும் சரியாகத்தான் வந்தது.

தண்ணீர் எடுப்பதற்கு முறை இருக்கிறது. போத்தலை அமிலத்தால் கழுவி, காய்ச்சி வடித்த நீரால் அலசி, காயவிட்டு, இலக்கம் ஒட்ட வேண்டும். கிணற்றில் நாலு வாளி அள்ளி வெளியே ஊற்றிவிட்டு, ஐந்தாவது வாளித் தண்ணீரால் போத்தலை மூன்று தரம் அலசி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். இதை எடுப்பவர்தான் செய்ய வேண்டும், இன்னொருவரிடம் விடக்கூடாது. எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்பது போத்தலையும் பவுத்திரமாகத் துணிப்பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நான் வந்து சேர்ந்த நாளுக்கு அடுத்த நாள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். எங்கள் வகுப்புப் பெட்டையள் ஒரு வான் பிடித்துப் போகிறார்கள், வழியில் என்னையும் ஏற்றுவதாக எடுத்த எடுப்பில் முடிவாகிவிட்டது. வாரக்கணக்காக ஆய்வுகூடத்துக்குள் கிடந்தவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. போத்தல்களை அம்மாவிடம் கொடுத்து, "ஒவ்வொரு வீட்டிலயும் ஒண்டைக் குடுத்து நிரப்பி வாங்கி வையுங்கோ, நான் நாளைக்குக் காலமை கொண்டுபோவன்" என்றேன். நாலு வாளி, மூன்று தரம் என்றும் சொன்னேன். சொல்லும்போதே ஒரு கால் செருப்புக்குள் இருந்தது.

கடல் தண்ணீரில் விளக்கு எரிகிற கோயில் அது. வானுக்குள் ஒருத்தி, "கெமிஸ்ட்ரிக்காரி, உப்புத் தண்ணி எப்பிடியடி எரியுது, சமன்பாடு எழுது பாப்பம்" என்று சீண்டினாள். "போய் அம்மாளிட்டக் கேள்" என்றேன். அன்று முழுக்க நல்ல சந்தோசமாக இருந்தேன் என்பதை மறைக்கத் தேவையில்லை.

அடுத்த நாள் ஒன்பது போத்தலும் நிரம்பிக் குசினி மேசையில் வரிசையாக இருந்தன. கொண்டுபோனேன்.

தண்ணீரின் வன்மையை, அதாவது அதில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்துக் கரைந்திருக்கிறது என்பதை, அறிவதற்கு ஒரு நியமிப்பு உண்டு. தண்ணீரில் நிறங்காட்டித் தூள் ஒரு சிட்டிகை போட்டால் சிவப்பாகும். மேலே கோடு போட்ட குழாயான அளவியிலிருந்து கரைசலைத் துளித் துளியாக விட, ஒரு கட்டத்தில் சிவப்பு நீலமாக மாறும். அது மாற எவ்வளவு செலவானதோ அதை வைத்து வன்மையைக் கணிக்கலாம், கூடச் செலவானால் வன்மையும் கூட. முதலாம் போத்தல் சட்டென்று நீலமானது. இரண்டாவதும் அப்படித்தான். ஒன்பதும் ஏறக்குறைய அளவியின் ஒரே கோட்டில் வந்து நின்றன. புளோரைட்டும் மற்றவையும் அப்படியே. என் கை இவ்வளவு துல்லியமாகிவிட்டதா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பொய் சொல்லக்கூடாது, பெருமை மட்டும் இல்லை. மூன்றாம் போத்தல் எங்கள் வீட்டுடையது. அந்தத் தண்ணீரில் முழுகி முழுகி என் தலைமயிர் தும்புபோல இருந்தது எனக்குத் தெரியாதா? அந்தத் தண்ணீர் இவ்வளவு மென்மையாக வர முடியாது என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததும் அதைத் தள்ளிவிட்டேன். அறிக்கை கொடுக்க இரண்டு வாரம்தான் இருந்தது. சித்திரையில் பெய்த மழை நிலத்தடி நீரில் கலந்து அதை ஐதாக்கியிருக்கலாம் என்று ஒரு பந்தி எழுதினேன். அதற்கு இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை ஆதாரமும் காட்டினேன்.

என்னை வழிநடத்திய சேர் அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒன்பதும் ஒண்டு போலக் கிடக்கு" என்றார்.

"பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் சேர்."

"தண்ணியை நீரேதானே அள்ளினனீர்?"

"ஓம் சேர்" என்றேன்.

அவர் கையெழுத்து வைத்தார். எனக்குப் பட்டம் நல்ல வகுப்புச் சித்தியோடு கிடைத்தது.

அறிக்கையில் கடைசிக்கு முதல் பக்கத்தில் 'பரிசோதிக்கப்பட்ட கிணறுகள் அனைத்தும் குடிப்பதற்கு உகந்தவை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதைத் தமிழில் எழுதித் தரச்சொல்லி அப்பா நச்சரித்தார். எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் போட்டோக் கொப்பி எடுத்துச் சனசமூக நிலையத்துச் சுவரில் ஒட்டினார். வடிகட்டி இயந்திரம் கேட்டு எங்கேயோ எழுதி வைத்திருந்த கடிதத்தை, இனித் தேவையில்லை என்று ஊர்ச் சங்கம் அனுப்பாமலே விட்டது. இதெல்லாம் நடந்தபோது நான் ஊரில் இல்லை, வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை என்று முதலாம் வருடத்தில் வரவேற்றபோது சொன்னார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி கொழும்பில் பெயின்ற் தொழிற்சாலையில் இருக்கிறாள், நேற்றைய மஞ்சளும் இன்றைய மஞ்சளும் ஒன்றா என்று பார்ப்பது அவளுடைய வேலை. ஒருவன் பூச்சிமருந்துக் கம்பனியின் மோட்டார் சைக்கிளில் வயல் வயலாகத் திரிகிறான். எங்கள் அப்பாவுக்கே ஒருதரம் களைநாசினியைத் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஒருத்தி புலமைப்பரிசில் கிடைத்து வெளிநாடு போய்விட்டாள், அங்கே பனி கொட்டுவதைப் படம் பிடித்துப் போடுவாள். மற்றவர்கள் ரியூசன் கொடுத்துக்கொண்டு பட்டதாரி நியமனத்துக்குக் காத்திருந்தார்கள். நியமனம் வந்ததும் பிரதேச செயலகத்தில் ஒரு கதிரையைக் காட்டி, எந்த எந்த வீட்டில் தென்னங்கன்று பிழைத்திருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி ஆய்வுகூடத்தில் எங்கள் எல்லாரையும்விடக் கைச்சுத்தம். ஒரு துளி சிந்தமாட்டாள், ஒரு வாசிப்பைக்கூட மாற்றி எழுதமாட்டாள். அவளுக்குக் கிடைத்தது தென்னங்கன்று, எனக்குக் கிடைத்தது ஆய்வுகூடம்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். என் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "சொந்த ஊர்த் தண்ணியில வேலை செய்த பிள்ளை" என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். தற்காலிக நியமனம் தந்தார்கள். இரண்டு வருடமாக அதிலேயே இருக்கிறேன். வருகிற மாதம் நிரந்தரமாக்குவதற்கு நேர்முகம். அதற்கும் அதே அறிக்கையைத்தான் விண்ணப்பக் கோவையில் வைத்திருக்கிறேன்.

இந்த வருடம் அப்பாவின் கால் வீங்கத் தொடங்கியது. வயலில் நின்ற வீக்கம் என்று அவர் எண்ணெய் பூசிக்கொண்டு திரிந்தார். கிளினிக்கில் இரத்தம் சோதித்துவிட்டுக் கிரியேற்றினின் கூட இருக்கிறது, சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். நான் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

அப்பா கதிரையில் இருந்து காலை ஸ்ரூலில் தூக்கி வைத்திருந்தார். டொக்டர் தண்ணீரைப் பற்றிக் கேட்டாரா என்றேன்.

"கேட்டவர். கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறன் எண்டன். சோதிச்சதோ எண்டார். என்ர மகள்தான் சோதிச்சவா எண்டு சொன்னன்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

"கிணத்துத் தண்ணியோ? கோயில் கிணத்துக்குப் போறேல்லையோ?"

"அதை விட்டு ரெண்டு வருசத்துக்கு மேல. உன்ர றிப்போட் வந்தாப் பிறகு என்னத்துக்குச் சும்மா சைக்கிள் உழக்குவான்?"

நான் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் குசினி மூலையில் குடம் இருந்தது. அதிலிருந்துதான் குடித்தேன். அம்மாவிடம் போய் அதைக் கேட்டேன். அவா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

"நீ வாற நாளில மட்டும் கொப்பர் போய் எடுத்துக்கொண்டு வருவார்" என்றா. "எங்கட வாய் பழகின வாய். நீ வெளியில இருந்து வாறனீ, உனக்கு ஒத்துவராது."

இரண்டு வருடத்துக்கு மேலாக நான் அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்திருக்கிறேன். அடுத்த கேள்வியைக் கேட்க முதலே பதில் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன்.

"அம்மா, அண்டைக்கு அந்தப் போத்தலுக்கு எங்க அள்ளினனீங்கள்?"

அவா கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா. "குடத்திலதான் வாத்தனான். பின்ன, உவர்த் தண்ணியை நிரப்பி உன்ர வாத்திமாருக்கு அனுப்பினால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? இப்பிடித் தண்ணியையோ குடிக்குதுகள் எண்டு சிரியாயினமே?"

"பிறகு எங்கட கிணறு நல்லமெண்டு வந்தோடன உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லையோ?"

"நான் ஒராள் குடத்தில வாத்தால் என்ன, மற்ற எட்டு வீட்டுக்காரரும் கிணத்தில அள்ளித்தானே தந்திருப்பினம் எண்டு நினைச்சன். வேலிக்கு அங்கால இருக்கிற கிணறு நல்லமெண்டால் எங்கடையும் நல்லந்தானே. ஒரே நிலம்."

அட்டவணை என் கண்ணுக்குள் நின்றது. ஒன்பதும் ஒரே கோட்டில் வந்தவை. ஒன்பது வீட்டிலும் ஒன்பது பெண்கள், பல்கலைக்கழகத்துக்குப் போகிற தண்ணீர் என்று குடத்தைச் சரித்து வார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் அப்படிச் செய்ததாக நினைத்து, மற்றவர்களின் கிணற்றை நம்பித் தன் கிணற்றைக் குடிக்கத் தொடங்கியிருக்கிறாள். நான் சோதித்தது கோயில் கிணற்றை, ஒன்பது தடவை. அவர்களில் ஒருவரிலும் எனக்குக் கோபம் வரவில்லை. என்னில்தான் வந்தது, அதுவும் காறித் துப்புகிற மாதிரியான கோபம்.

மறுநாள் காலை நானே எங்கள் கிணற்றில் நாலு வாளி அள்ளி ஊற்றினேன். மூன்று தரம் அலசினேன். நிரப்பி மூடி, மடியில் வைத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். ஆய்வுகூடத்தில் கரைசலை விட விடச் சிவப்பு அப்படியே நின்றது. பழைய கோட்டைத் தாண்டியது, இன்னும் தாண்டியது. அளவியில் இருந்தது முடிந்து மறுபடி நிரப்பினேன். இந்த முறை என் வாசிப்பை மட்டும் நம்பாமல், கூட வேலை செய்யும் பெண்ணையும் பார்க்கச் சொன்னேன். "எந்தூர்த் தண்ணியடி இது?" என்று கேட்டாள். நான் போத்தலைத் துடைத்தேன். புளோரைட்டும் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது.

அந்தத் தண்ணீரால்தான் அப்பாவுக்கு இது வந்தது என்று எந்த டொக்டரும் எழுதித் தரவில்லை. எங்கள் பக்கத்தில் இந்த வருத்தம் எதனால் வருகிறது என்று இன்னும் தெரியவில்லை, வயலுக்கு மருந்தடிப்பதாலா, வெயிலில் நிற்பதாலா, தண்ணீராலா, எல்லாம் சேர்ந்தா என்று பெரிய பெரிய ஆட்களே பிடிபடாமல் நிற்கிறார்கள். இரசாயனவியல் படித்த என்னாலும் நிரூபிக்க முடியாது. தண்ணீரால் இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது. முதலாவதைவிட இரண்டாவதுதான் என்னை அரிக்கிறது.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வற்றாப்பளைக்குப் போனது, சேருக்கு 'ஓம்' சொன்னது, மழைப் பந்தி எழுதியது. ஏசுவார் என்றுதான் நினைத்துப் போனேன். ஏச வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அவர் வீங்கின காலை மெதுவாக ஸ்ரூலிலிருந்து இறக்கினார்.

"இது வெளியில தெரிஞ்சால் உன்ர வேலைக்கு ஏதும் வருமோ?" என்று கேட்டார்.

"வரலாம். நிரந்தரமாக்காமல் விடலாம். பட்டத்தையும் கேள்வி கேக்கலாம்."

"அப்ப ஒருத்தருக்கும் சொல்லாத. நாளையிலயிருந்து நான் கோயில் கிணத்துக்குப் போறன். அவ்வளவுதானே?"

"மற்ற எட்டு வீடும் அப்பா?"

அவர் படலைப் பக்கம் பார்த்தார். "அதுகள் குடிச்சுப் பழகின சனம்" என்றார், தனக்கே சொல்வது போல.

"அப்பா, என்னை ஏசுங்கோ" என்று கத்தினேன். அவர் ஏசவில்லை. கரியரில் கான் கட்டுகிற பழைய ரியூப்பைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனார், காலை இழுத்து இழுத்து.

நான் சேருக்கு நடந்ததைச் சொல்லி நாலு வரி மின்னஞ்சல் எழுதினேன். எழுதினதும் திரும்ப வாசிக்காமல் அனுப்பினேன், வாசித்தால் அனுப்பமாட்டேன் என்று எனக்குத் தெரியும். பிறகு வேலிக்கு அங்கால இருக்கிற வீட்டுக்குப் போனேன். அந்த மாமி எனக்கு உறவில்லை, ஆனால் நான் பல்கலைக்கழகம் போன நாளில் அம்மாவோடு சேர்ந்து அழுதவா. அவாவின் பெரியவனுக்கும் போன மாதம் கால் வீங்கினது என்று அம்மா சொல்லியிருந்தா.

"வா பிள்ளை, வா, இரு" என்று கதிரையைத் தட்டிப் போட்டா. நான் வாய் திறக்க முதல் உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வந்தா. குடம் இருக்கிற மூலையை எட்டிப் பார்த்தேன். அங்கே குடம் இல்லை, ஒரு நெல்லு மூட்டை சாத்தியிருந்தது.

"மாமி, இது எங்கத்தைத் தண்ணி?"

"எங்கட கிணறுதான்" என்றா மாமி. "முந்தியெண்டால் வாற ஆக்களுக்கு இதைக் குடுக்க வெக்கமாயிருக்கும். இப்ப என்னத்துக்கு வெக்கம், நீயே சோதிச்சு நல்லமெண்டு சொல்லிப்போட்டாய். குடி பிள்ளை, வெயிலுக்குள்ளால வந்தனீ."

குடித்தேன். உவர்த்தது. பாதியில் வைக்க மனம் வரவில்லை, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் கிளாஸைக் கீழே வைத்தேன். மாமி இன்னும் கொஞ்சம் வார்க்கவா என்பதுபோல் நின்றா.

"மாமி, இருங்கோ" என்றேன். "அண்டைக்கு அந்தத் தண்ணியை நான் அள்ளேல்ல."